கரைச் சேலையை மடித்து வைத்த பிறகு: எங்கள் ஊருக்கு எந்த வழி?

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கட்சி வேலையை விட்டுவிட்ட பதினொரு பெண்களும் நான்கு இளைஞர்களும் மூன்று மாதமாக ஒரே கேள்வியைப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஊருக்கு வேண்டியதை நாமே செய்வது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த அமைப்பாக நின்று செய்வது என்பதில்தான் இழுபறி. ஊராட்சித் தேர்தலில் நிற்பதா, கூட்டுறவுச் சங்கம் வைப்பதா, உற்பத்தியாளர் கம்பெனி பதிவு செய்வதா, அறக்கட்டளையா, இருக்கிற மகளிர் குழுவை வைத்தே நகர்வதா? ஒவ்வொன்றையும் அலைந்து விசாரித்தோம். அரூர் பக்கமிருந்தும் பென்னாகரம் பக்கமிருந்தும் இதையே கேட்டுச் சிலர் போன் செய்தார்கள். அதனால் விசாரித்ததையும் நாங்கள் எடுத்த முடிவையும் எழுதி வைக்கிறேன்.

நான் பதினேழு வருடம் ஒரு கட்சியின் மகளிர் அணியில் இருந்தேன். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. எதிர்க்கட்சியில் இருந்த என் நாத்தனாரும் இதே கதையைத்தான் சொல்கிறாள். ஆள் சேர்ப்பது என் வேலை. கூட்டம் என்றால் ஒன்றியத்திலிருந்து போன் வரும்: "எத்தனை வண்டிம்மா?" மகளிர் குழுவின் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் எழுதுவேன். அந்தக் குழு என் அம்மா காலத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் முளைத்ததே தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், ஐ.நா. அமைப்பான சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் இந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. வட்டிக்கடையில் தோட்டை வைக்காமல் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அம்மாவும் அவர் தோழிகளும் கட்டிய குழு அது. அதை நான் டெம்போவில் ஏற்றிக் கூட்டத்துக்கு அனுப்பினேன்.

எங்கள் குழுவில் ஒருத்தியின் வீட்டுக்காரர் இறந்து போனார். விதவை உதவித்தொகைக்கு எட்டு மாதம் நடந்தாள். அவள் வீட்டில் சாப்பிட்டுப் போன எங்கள் கட்சிக்காரர் ஒருவரே அதை வாங்கித்தரப் பணம் கேட்டார். நான் போய்ச் சண்டை போட்டேன். "எலெக்‌ஷன் வரட்டும்மா, பாத்துக்கலாம்" என்றார். அன்றைக்குத்தான் கட்சிக் கரை போட்ட சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

தேர்தல் வரட்டும் என்பதை இந்த மாவட்டம் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. மொரப்பூர், தருமபுரி ரயில் பாதையை 1940களில் பிடுங்கினார்கள். 2019-ல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தடத்தில் நான் இன்னும் ஒரு ரயிலையும் பார்க்கவில்லை. ஒகேனக்கல்லில் வீணாகும் காவிரி உபரி நீரை ஏரிகளுக்குக் கொண்டுவருவோம் என்று சொல்லாத வேட்பாளர் இல்லை. அப்புறம், 2000 பிப்ரவரி 2. தலைவிக்குத் தண்டனை என்று தெரிந்ததும் இலக்கியம்பட்டியில் கட்சிக்காரர்கள் கொளுத்திய பஸ்ஸில் மூன்று கல்லூரி மாணவிகள் வெந்து போனார்கள். எனக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அதைத் தெரிந்துகொண்டேதான் சில வருடம் கழித்து நானும் ஒரு கொடியைப் பிடித்தேன். அதற்கான வருத்தம் எனக்கு உண்டு.

இன்னொரு கட்சி

எங்களில் இரண்டு தம்பிகள் புதுக் கட்சி ஒன்றில் சேரலாம் என்றார்கள். கட்சியால் கிடைக்கும் நன்மையை மறைக்கக் கூடாது. கட்சிக்காரர் போன் செய்தால் தாலுகா ஆபீஸில் எடுப்பார்கள். நாம் செய்தால் எடுக்க மாட்டார்கள். பெரிய வேலைகள் அரசால்தான் ஆகும். எங்கள் பிள்ளைகளின் பல்லில் மஞ்சள் கறை ஏறக் காரணமான ஃபுளோரைடு தண்ணீருக்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அதை எந்தக் கிராமச் சங்கமும் கட்டியிருக்க முடியாது. ஆனால் புதுக் கட்சியிலும் எங்களுக்கு வரும் போன் "எத்தனை வண்டி" என்றுதான் இருக்கும். தம்பிகள் போய் ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊராட்சி

கட்சி வேண்டாம் என்பவர் மனதில் முதலில் வருவது ஊராட்சித் தலைவர் பதவிதான். சட்டப்படி கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகளுக்குத்தான் கட்சிச் சின்னம். கட்டுத்தொகையும் பெரிதில்லை, 2019-ல் தலைவருக்கு 600 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 200, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. இடங்களில் பாதி பெண்களுக்கு. நல்ல தலைவர் கிடைத்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை இருக்கிறது. 2006-லேயே வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுத்திய ஊராட்சி அது.

ஆனால் சின்னம் இல்லை என்பதால் கட்சி இல்லை என்று ஆகிவிடாது. பூட்டுச் சாவி, ஆட்டோ என்ற பொதுச் சின்னங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். செலவு லட்சங்களில் போகிறது. போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்து உட்காருபவரிடம் என்ன எதிர்பார்ப்பது? தனியாக நின்று ஜெயித்தாலும் சிக்கல் முடியாது. காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். அவர்களை ஒருவர் விலைக்கு வாங்கிவிட்டால், மோட்டார் ரிப்பேருக்குக்கூடத் தலைவர் துணைத் தலைவரின் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். பெண் ஒதுக்கீட்டில் ஜெயித்த தலைவியின் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்காருவதை எங்கள் பக்கத்து ஊரில் ஐந்து வருடம் பார்த்தோம்.

இதைவிடப் பெரிய குறை, தேர்தல் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லாதது. 2011-ல் நடந்தது, 2016-ல் வர வேண்டியது 2019 டிசம்பரில்தான் வந்தது. நடுவில் மூன்று வருடம், தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிலாக அரசு வைத்த தனி அலுவலர். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்து, மறுபடியும் தனி அலுவலர். ஒரு அமைப்பின் மொத்த உயிரையும் இப்படிப்பட்ட தேதியில் கொண்டுபோய் மாட்டக் கூடாது.

நான் சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சிட்டிலிங்கி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-ல் கூரைக் குடிசையில் 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றைம்பது வரை ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கு அது. ஊர்ப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி, சுகாதாரப் பயிற்சி கொடுத்தார்கள். பத்து வருடம் கழித்து இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது; அதன்பின் லம்பாடிப் பெண்களின் தையல் வேலைக்குப் 'போர்கை' என்ற சங்கம் வந்தது. அந்தச் சுகாதார வேலையில் இருந்த ஒரு பெண் 2019 தேர்தலில் நின்று ஊராட்சித் தலைவரானார். தொடக்கத்துக்கும் பதவிக்கும் நடுவில் 26 வருடம். அந்த 26 வருடத்தில் ஊர்க்காரர்கள் அவர்கள் கையால் மருந்து வாங்கியிருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து சாமை விற்றிருக்கிறார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலையை அந்தப் பழக்கம் மாற்றியது என்று நான் நம்புகிறேன். எங்கள் கூட்டத்தில் முடிவு திரும்பியது இந்த இடத்தில்தான். முதல் வேலையாகத் தேர்தலில் நிற்பது இல்லை என்று அன்றைக்கே எழுதிவிட்டோம்.

ஆனால் கிராம சபை வேறு. அதற்குப் பதவி வேண்டாம், பணம் வேண்டாம். முன்பு வருடத்துக்கு நான்கு. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு. தனி அலுவலர் காலத்திலும் கூட்டியாக வேண்டும். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால்தான் அது செல்லும். 500 பேருக்குள் இருக்கும் ஊராட்சிக்கு 50 பேர் போதும். எங்கள் ஊரில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். மிச்சக் கையெழுத்தை நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வாங்குவார்கள். நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். போன முறை நாங்கள் எழுபது பெண்கள் போய் உட்கார்ந்தோம், நோட்டை வெளியே எடுத்துப் போக விடவில்லை. தெருவிளக்குச் செலவைப் படிக்கச் சொன்னோம். படித்தார்கள். தீர்மானம் போட்டதாலேயே வேலை நடந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் எழுத்தில் இருந்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும்.

கூட்டுறவும் கம்பெனியும்

கூட்டுறவுச் சங்கத்துக்கு 1983-ம் ஆண்டுச் சட்டப்படி 25 பேர் இருந்தால் போதும். ஆளுக்கு ஒரு ஓட்டு. பங்கு எவ்வளவு போட்டாலும் அதே ஒரு ஓட்டுதான். காகிதத்தில் இதைவிட நல்ல அமைப்பு இல்லை. நடைமுறையில் தமிழ்நாட்டுக் கூட்டுறவுத் தேர்தல்களான 2013-ம் 2018-ம் எப்படி நடந்தன என்பது கிராமத்தில் பால் ஊற்றும் எல்லோருக்கும் தெரியும். ஆளும் தரப்பு கொடுத்த பட்டியல், போட்டியின்றித் தேர்வு. நிர்வாகக் குழு கலைந்தால் அங்கேயும் தனி அலுவலர். துறையின் கை சங்கத்துக்குள் நீளமாக இருக்கும்; நாங்கள் எதை விட்டு ஓடி வந்தோமோ அது அங்கேயும் உட்கார்ந்திருக்கும். புதிதாகத் தொடங்குவதற்கு இது வேண்டாம். ஆனால் ஊரில் ஏற்கெனவே பால் சங்கம் இருந்தால் உறுப்பினராக இருப்பவர்கள், உறுப்பினர் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டத்துக்குப் போய் வரவு செலவு கேட்பது நல்லது. எங்களில் ஆறு பேருக்கு உறுப்பினர் அட்டை இருக்கிறது. பேரவை என்று ஒன்று கூடுவதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

விளைவிப்பவர்களே உறுப்பினராகச் சேரும் உற்பத்தியாளர் கம்பெனியைப் பற்றித்தான் தம்பிகளுக்கு ஆசை. கம்பெனிச் சட்டத்தில் வந்தாலும் இங்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதிவு செய்யலாம், குறைந்தது ஐந்து இயக்குநர்கள். கூட்டுறவுத் துறை தலையிட முடியாது. 2020-ல் வந்த ஒன்றிய அரசுத் திட்டத்தில் ஒரு கம்பெனிக்கு மூன்று வருட நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரையும், உறுப்பினரின் பங்குக்கு ஈடாகத் தலைக்கு 2,000 வீதம் 15 லட்சம் வரையும் தந்தார்கள். சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டும். ஆனால் 10,000 கம்பெனி என்ற இலக்கை எட்டிவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தாகிவிட்டது. இனித் தொடங்குபவர்கள் அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

பதிவுக்குப் பிறகு வரும் வேலையைத் தொடங்கும்போது யாரும் சொல்வதில்லை. வருடா வருடம் ஆடிட்டர், கம்பெனிப் பதிவாளருக்குப் படிவங்கள், இயக்குநருக்கு டிஜிட்டல் கையெழுத்து. தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். ஒரு வருடம் மறந்தால் ஒரே படிவத்துக்கு 36,500 ரூபாய். எங்கள் மொத்தச் சேமிப்பில் பாதி. மூன்று வருடம் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநர் ஆக முடியாது. எங்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. உறுப்பினராகச் சேரச் சிட்டா, அடங்கல் கேட்டார்கள். நிலம் இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்? புளி தட்டிப் பிழைக்கும் காலனிப் பெண்கள் முதல் படியிலேயே வெளியே நிற்பார்கள்.

உங்கள் ஊரில் ராகி போடும் விவசாயிகள் முந்நூறு பேர் ஒன்றாக நிற்பார்கள், கணக்குப் பார்க்கப் படித்த ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடியும் என்றால் கம்பெனியே சரி. ராகிக்கு 2025-26 ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரசு நேரடியாகவும் கொள்முதல் செய்கிறது. 2023 முதல் நம் மாவட்ட ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வருகிறது. மாவாக்கி, சத்துமாவாக்கி விற்க ஒரு கம்பெனிக்கு இடம் உண்டு. தக்காளியை நம்பி மட்டும் தொடங்காதீர்கள். விலை சரிந்த வாரத்தில் சாலையோரம் கொட்டிவிட்டு வரும் சரக்கை வைத்து மாதச் சம்பளம் கொடுக்க முடியாது.

அறக்கட்டளை பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டு பேர் சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போனால் முடிந்துவிடும். அதுவே அதன் ஆபத்து. முடிவும் அந்த இரண்டு பேரிடமே நின்றுவிடும். வெளியிலிருந்து நன்கொடை வாங்கிப் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ நடத்துபவர்களுக்கு அது தேவை, எங்களுக்கு இல்லை.

காலனியில் கேட்டது

இதையெல்லாம் எங்கள் தெருவிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மகளிர் குழு தெரு வாரியாகத்தான் அமைந்தது; அதனால் சாதி வாரியாகவும் அமைந்தது. முப்பது வருடமாக எங்கள் குழுவில் காலனிப் பெண் ஒருத்தியும் இல்லை என்பதைப் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியைக் கொளுத்திய மாவட்டம் இது. "கட்சி வேண்டாம், ஊராகச் சேர்ந்து செய்வோம்" என்று எங்கள் தெருவில் சொன்னால் காதுக்கு இனிமையாக இருக்கிறது. அதே வார்த்தையைக் காலனியில் போய்ச் சொன்னேன். அங்கே குழு நடத்தும் அக்கா நிதானமாகக் கேட்டார்: "உங்களுக்குக் கட்சி வேண்டாம்னா விட்டுட்டு வந்துடலாம். கட்சிக்கொடி ஒண்ணு இல்லன்னா எங்க தெருவுக்கு லைட்டே வந்திருக்காது. ஊர்னு நீங்க சொல்ற எடத்துல நாங்க எப்ப இருந்தோம்?"

எனக்குப் பதில் வரவில்லை. கட்சி எங்களை ஆள் கணக்காகப் பார்த்தது என்று கோபப்பட்டு வெளியே வந்தேன். அவர்களுக்கோ, ஊரின் பிடியிலிருந்து கொஞ்சம் மூச்சு விட ஒரு கட்சி தேவைப்பட்டது. கட்சி விலகிய இடத்தில் தானாக வந்து உட்காருவது ஊர் ஒற்றுமை இல்லை. நிலமும் சாதியும் கையில் இருப்பவர்கள்தான். ஊர்க்கூட்டம் போட்டு, கோயிலுக்கு நன்கொடை தருகிறேன் என்றவருக்குத் தலைவர் பதவியை ஏலம் விடுவதும் கட்சி சாராத அரசியல்தானே? இதற்கு முன்னால் போட்டுவைத்த எங்கள் ஒப்பீட்டு நோட்டில் செலவு, நேரம், சட்டம் என்று மூன்று பத்திதான் இருந்தது. அன்றிரவு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன்: நிலம் இல்லாத ஒரு பெண் இதில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்க முடியுமா? அந்தப் பத்தியை வைத்துப் பார்த்தால் கம்பெனி கீழே போகிறது. தலைவர் பதவி, ஒதுக்கீடு வரும் சுற்றில் மட்டும் மேலே வருகிறது. கிராம சபையும் குழுவும் மேலே நிற்கின்றன.

நாங்கள் எடுத்த முடிவு

இரண்டு வருடத்துக்கு எதையும் பதிவு செய்வதில்லை. எங்கள் குழுவும் காலனிக் குழுவும் சேர்ந்து ஒரு தொழில், ஒரு கணக்கு. தொழில் புளி. ஊர்ப் பெண்களும் காலனிப் பெண்களும் மாசி, பங்குனியில் வியாபாரியிடம் புளி வாங்கி வந்து, தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் கூலி. அதே புளி மண்டியில் நூறைத் தாண்டி விற்கிறது. போன பங்குனியில் ஏழு மரத்தைக் குத்தகை பேசி நாங்களே உலுக்கி, தட்டி, விற்றுப் பார்த்தோம். செலவு போகக் கூலியைப் போல ஒன்றரை மடங்கு நின்றது. வருடத்துக்கு 100 ரூபாய் கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு கிடைக்கும் என்பதால் பாக்கெட் போட்டு விற்பதற்கும் தடையில்லை. இரண்டு பருவம் கணக்குச் சரியாக நின்றால், அப்போது கம்பெனி வேண்டுமா, கூட்டுறவு வேண்டுமா என்று பேசுவோம். அடுத்த ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு யாரும் நிற்பதில்லை. இரண்டு வார்டுகளில் மட்டும் பார்க்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.

புளிக்கும் கிராம சபைக்கும் முடிச்சு இருக்கிறது. ஊராட்சிப் புறம்போக்கில் நிற்கும் மரங்களின் மகசூல் வருடா வருடம் ஏலம் போகிறது. எங்கள் ஊரில் அந்தத் தேதி நான்கு பேருக்குத்தான் முன்கூட்டித் தெரியும். நான்கு பேரும் பேசி வைத்துக்கொண்டு குறைந்த விலைக்கு எடுப்பார்கள். ஏலத் தேதியைப் பதினைந்து நாள் முன்னதாகத் தண்டோரா போட வேண்டும், காலனி ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்ட வேண்டும், ஏலத்தைப் பள்ளிக்கூட வளாகத்தில் நடத்த வேண்டும் என்று ஜனவரி 26 கிராம சபைக்கு மனு எழுதியிருக்கிறோம். இதுவரை 140 கையெழுத்து. அதில் காலனியிலிருந்து 61.

கூட்டம் எங்கே போடுவது என்பதில்தான் அதிக நாள் போனது. எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கூப்பிட்டேன். "மொதல்ல உங்க மாமியாரைக் கேட்டுட்டு வாங்க அக்கா" என்றாள் ஒரு பெண். கேட்டேன், மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூடுகிறோம். வரவு செலவை ஒரு வாரம் எங்கள் தெருப் பெண் படிக்கிறாள், அடுத்த வாரம் காலனிப் பெண். பாஸ் புக்கில் இரண்டு தெருவிலிருந்தும் ஒவ்வொருவர் கையெழுத்து. பணப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி ஆளுக்கு ஒன்று. ஏலத்தில் முன்பணம் கட்ட அதில் 18,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம்.